உதடு அசைவதற்கு முன்

அர்ஷியா அனுப்பியிருந்த புகார் மூன்றே வரி. "சோமசேகரன் சார் பாடத்துல சப்டைட்டில் முன்னாடியே வந்துடுது. அவர் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி எழுத்து வருது. பரீட்சை வருது, கொஞ்சம் சரி பண்ணித் தாங்க மிஸ்."

நித்யஸ்ரீக்கு அதைப் படித்தபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. நேரம் தள்ளிப்போயிருக்கும், இரண்டு நொடி இழுத்துவிட்டால் சரியாகிவிடும். பதினோரு மணி டீ வருவதற்குள் முடித்துவிடலாம் என்று ஃபைலைத் திறந்தாள்.

காரைக்காலில் அந்தக் கல்லூரியின் நூலகத்துக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறைக்குத் திறந்த பாடப் பிரிவு என்று பெயர். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், நகலெடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று ஆசிரியர்களே எழுதிக் கொடுத்த பாடங்கள் அங்கே வரும். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. உருவாக்கியவர் பெயரைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பாடங்களை எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டும்படி செய்வது நித்யஸ்ரீயின் வேலை. கண் தெரியாதவர்களுக்குப் படங்களை வார்த்தையில் எழுதுவாள். கோட்டுச்சேரிமேட்டுப் பிள்ளைகள் திரை கீறின பழைய போனில் இறக்கிக்கொள்ள வசதியாக வீடியோவைச் சுருக்குவாள். காது கேளாதவர்களுக்கு, இயந்திரம் கேட்டு எழுதித் தரும் சப்டைட்டிலை உட்கார்ந்து திருத்துவாள். ஒப்பந்த வேலைதான். மூன்று வருடமாகச் செய்கிறாள், அலுக்கவில்லை.

சோமசேகரன் கடலோர நிலத்தடி நீரைப் பற்றி எடுத்த பதினாறு பாடங்கள் 2021இல் பதிவானவை. மறு வருடம் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். போன வாரம்தான் அவற்றை இயந்திரத்தில் ஓட்டியிருந்தாள். அர்ஷியாவுக்குப் பரீட்சை அவசரம் என்பதால், திருத்தாமலே அனுப்பும்படி ஆகிவிட்டது.

முதல் பாடத்தை ஓடவிட்டாள். நீலச் சட்டையில் சோமசேகரன் நிலப்படத்துக்கு முன்னால் நிற்கிறார். வாய் மூடியிருக்கிறது. கீழே எழுத்து வந்தது.

"நன்னீர் மெல்லிய போர்வையாக மேலே கிடக்கிறது. உவர்நீர் அதன் அடியில் காத்திருக்கிறது."

இரண்டு நொடி கழித்து அவர் வாயைத் திறந்து அதையே சொன்னார். இயந்திரம் மறுபடியும் எழுதியது.

"நன்னீர் மெல்லிய போர்வையாக மேலே கிடக்கிறது. சுவர்நீர் அதன் அடியில் காத்திருக்கிறது."

சுவர்நீரைப் பார்த்ததும் நித்யஸ்ரீ சிரித்துவிட்டாள். அந்த இயந்திரத்துக்கு உவர்நீர் என்ற சொல் வாயில் நுழையாது. எழுதினால் சுவர்நீர், இல்லாவிட்டால் உயர்நீர். நூறு தடவையாவது திருத்தியிருப்பாள். பாதிச் சிரிப்பில் சட்டென்று நிறுத்தினாள். முதலில் வந்த வரியில் அந்தப் பிழை இல்லை.

தள்ளிப்போன நேரம் அல்ல இது. ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு தடவை வந்திருந்தது. அவர் வாய் மூடியிருக்கும்போது ஒரு தடவை, ஒரு பிழையும் இல்லாமல். பேசும்போது இன்னொரு தடவை, வழக்கமான பிழைகளோடு. இயந்திரத்தில் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அப்படியே வந்தது. வேறொருவர் நடத்திய தாவரவியல் பாடத்தை ஓட்டினாள். அதில் எல்லாம் ஒரு தடவைதான்.

ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்ளும் ரிஃபாயைக் கூப்பிட்டாள். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்த இரண்டு நொடியை மட்டும் வெட்டி, ஒலியைக் கூட்டிக் கூட்டிக் கேட்டான்.

"ஏசி சத்தந்தான் நித்யா. வேற ஒண்ணுமில்ல. ஸ்க்ரீன்ல சத்தத்தோட கோடு பாருங்க, சப்பையா கெடக்கு."

"அப்ப எழுத்து எங்கேருந்து வருது?"

"சத்தமே இல்லாத எடத்துல இந்த மெஷின் எதையாச்சும் இட்டுக்கட்டி எழுதும். முழுப் பதிவும் அது கையில இருக்குல்ல? பின்னால வர்றதத் தூக்கி முன்னால வச்சிருக்கும். அழிச்சிட்டுப் போங்க."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நித்யஸ்ரீ முன்னால் வந்த வரிகளை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தாள். இரண்டு நாளில் எட்டுப் பாடம் முடிந்தது. ஒரு வரியை அழிப்பாள், அதன் ஜோடி பின்னாலேயே வரும், பிழை திருத்துவாள், அடுத்தது.

ஒன்பதாவது பாடத்தில் ஒரு வரிக்கு ஜோடி வரவில்லை.

"இந்த அளவு நான் எடுத்தது சார். பூவத்துல, மூணாவது கெணறு. மே மாசம், உச்சி வெயில்."

மற்றதெல்லாம் மேடைத் தமிழ். இது பேச்சு. திரையில் சோமசேகரன் நின்றுவிட்டார். தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை, அப்படியே வைத்தார். பிறகு, "நாங்கள் அளந்து பார்த்தபோது" என்று தொடர்ந்தார்.

நித்யஸ்ரீ நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். வெளியே வெயில் கண்ணைக் கூசவைக்க, பிள்ளைகள் பைக் ஸ்டாண்டில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். பின்னால் வராத ஒன்றை இயந்திரம் எங்கிருந்து தூக்கி முன்னால் வைக்கும்? ரிஃபாயிடம் கேட்டாள். அவன் அந்த வரியை இரண்டு தடவை படித்தான். ஹெட்போனைச் சுருட்டி மேசைமேல் வைத்தான். அதற்குப் பிறகு அன்று முழுக்க அதைத் தொடவில்லை.

மறுநாள் மதியம் அர்ஷியாவை வரச்சொன்னாள். கடைத்தெருவில் ஜவுளி வியாபாரம் பார்க்கும் ஜவஹர் அலியின் மகள் அவள். ஏழு வயதில் வந்த காய்ச்சலில் செவி போய்விட்டது. அதற்கு முன் பழகிய பேச்சு மட்டும் கொஞ்சம் இழுவையோடு தங்கியிருந்தது. எதிரில் இருப்பவர் உதட்டைப் படிப்பாள். பிடிபடாவிட்டால் போனைப் பார்ப்பாள். அக்கம்பக்கத்தில் யார் பேசினாலும், ஹார்ன் அடித்தாலும் உடனுக்குடன் எழுத்தாக்கிக் காட்டும் ஆப் ஒன்று அதில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒன்பதாவது பாடத்தை அவளுக்குப் போட்டுக் காட்டினாள் நித்யஸ்ரீ. அர்ஷியா எழுத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். திரும்பப் போடச் சொன்னாள்.

"அவருக்குக் கேட்டிருக்கு மிஸ்."

"எதுடா கேட்டிருக்கு? பதிவுல சத்தமே இல்லியே."

"கழுத்தப் பாருங்க. பின்னாலேர்ந்து யாராச்சும் கூப்ட்டா உங்க எல்லாருக்கும் கழுத்து இப்படித்தான் போவும். நான் நெறையப் பாத்திருக்கேன். அவரு திரும்பல. திரும்பக் கூடாதுன்னு புடிச்சு வச்சுக்கறாரு."

நித்யஸ்ரீ பார்த்தாள். ஒரு முறை தெரிந்துவிட்டால் பிறகு அதுவேதான் தெரிந்தது. அவர் கழுத்து நரம்பு இழுத்துக்கொண்டு நின்றது.

இருவரும் உட்கார்ந்து மீதிப் பாடங்களைப் பார்த்தார்கள். ஜோடி இல்லாத வரிகள் ஏழு இருந்தன. 'நூத்திப் பதினெட்டு கெணறு சார், ஒண்ணு விடல' என்று பதினொன்றில். 'சைக்கிள் செயின் அறுந்துருச்சு, அதான் லேட்டு' என்று பதின்மூன்றில். பதினாறாவது பாடத்தின் கடைசியில், அவர் நன்றி சொல்லிக் கைகூப்புவதற்கு முன்னால், ஒரு வரி.

"எல்லாம் எழுதியாச்சு சார். பேரு மட்டுந்தான் போடணும்."

*

சோமசேகரன் வீடு அரசலாற்றுப் பக்கம். மனைவி இல்லை. மகன் பாரிஸில். தனியாகத்தான் இருந்தார். மாலை நாலு மணிக்கு இரண்டு பெண்கள் வந்து நின்றதும் மகிழ்ந்துபோய், "வாங்கம்மா, வாங்க" என்று ஃபேனைப் போட்டு, மோர் கொண்டுவந்து வைத்தார். அர்ஷியா போனை மேசையில் நிமிர்த்தி வைத்தாள். அவர் பேசுவது அதில் எழுத்தாக ஓடியது. அதை ஆவலாகப் பார்த்தார்.

"நல்ல வசதியா இருக்கே! எங்க காலத்துல இதெல்லாம் இல்ல."

நித்யஸ்ரீ அச்செடுத்து வந்திருந்த தாளை நீட்டினாள். முன்னால் வந்த வரிகள், அவர் சொன்ன வரிகள், ஜோடி இல்லாத ஏழு வரிகள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முதல் பக்கத்திலேயே நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது யாருக்குக் கேட்டுச்சு?" என்றார்.

"யாருக்கும் கேக்கல சார். மெஷின் எழுதியிருக்கு."

தாளை மடியில் வைத்துக்கொண்டு, அர்ஷியாவைப் பார்க்காமல், நித்யஸ்ரீயையும் பார்க்காமல் சொன்னார்.

"எனக்கு மட்டும்னு நெனச்சிட்டிருந்தேன்மா. கேமரா லைட்டு எரிஞ்சதும் ஆரம்பிப்பா. எடது காதுக்குப் பின்னால. நான் சொல்ல வேண்டியத அவ மொதல்ல சொல்லுவா. நான் அதத் திருப்பிச் சொல்லுவேன். பதினாறு பாடமும் அப்படித்தான் எடுத்தேன். குறிப்பே வச்சுக்கல. எல்லாரும், சாருக்கு என்ன ஞாபகசக்தின்னாங்க."

"யாரு சார் அது?"

"ராஜம். பூவத்துப் பொண்ணு. எங்கிட்ட ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்துச்சு."

சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் எவ்வளவு தூரம் உப்பேறியிருக்கின்றன என்று பார்க்க, 2007, 2008 இரண்டு கோடையும் ராஜம் சைக்கிளில் ஊர் ஊராகப் போயிருக்கிறாள். நூற்றுப் பதினெட்டுக் கிணறு. 2009 மழையில் டெங்குக் காய்ச்சல் வந்து ஆறே நாளில் போய்விட்டாள். மறு வருடம் அந்த அளவுகளை வைத்து ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அதில் ஒரே பெயர், சோமசேகரன்.

"போடணும்னுதான் இருந்தேன். செத்துப்போனவளுக்குப் பேரு எதுக்குன்னு ஒரு நாள் தோணுச்சு. அந்த ஒரு நாள் போதுமா இருந்துச்சும்மா." சற்று நிறுத்தி, குரலை இறக்கிக் கேட்டார். "நீங்க இத அழிச்சிடலாம், இல்லியா? யாருக்குமே கேக்காத ஒண்ணு. பேச்சே இல்லாத எடத்துல எழுத்து எதுக்கு?"

எட்டுப் பாடத்தில் நித்யஸ்ரீயே அழித்திருந்தாள். பழைய ஃபைல் இருக்கிறது, திரும்ப எடுத்துவிடலாம், ஆனாலும் அழித்திருந்தாள்.

அர்ஷியா போனில் அவர் சொன்னதைப் படித்து முடித்து நிமிர்ந்தாள்.

"உங்க பேச்சும் எனக்குக் கேக்கல சார்" என்றாள், அந்த இழுத்த குரலில். "நீங்க சொன்னதும் எழுத்து, அவங்க சொன்னதும் எழுத்து. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். அவங்கள அழிக்கலாம்னா உங்களையும் அழிக்கலாம்."

அவர் மோர் டம்ளரை நகர்த்தி வைத்தார். ஃபேன் சுற்றும் ஓசை மட்டும் கேட்டது.

மேசையில் இருந்த போனில் ஒரு வரி வந்தது.

அர்ஷியாதான் முதலில் பார்த்தாள். உடனே நித்யஸ்ரீயின் வாயைப் பார்த்தாள். மூடியிருந்தது. அவர் வாயைப் பார்த்தாள். அதுவும் மூடித்தான் இருந்தது. போனை அவர் பக்கம் திருப்பினாள்.

"நோட்டு பீரோவுலதானே சார் இருக்கு?"

நித்யஸ்ரீ மேசையிலிருந்து கையை இழுத்துக்கொண்டாள். அவரோ திடுக்கிடவில்லை. வெகுநாளாக எதிர்பார்த்தவர் மாதிரி, "இருக்கும்மா, இருக்கு" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே எழுந்து உள்ளே போனார். பீரோக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஜவுளிக்கடை மஞ்சள் பையில் சுற்றிய நாலு நீள நோட்டுகளோடு வந்தார். அட்டையில் மை மங்கிய எழுத்து: உ. ராஜம், பூவம். உள்ளே பக்கம் பக்கமாகக் கிணறுகள். தேதி, நேரம், ஆழம், உப்பளவு. சில இடத்தில் ஓரத்தில் 'இந்த வீட்டில் மோர் கொடுத்தார்கள்' என்று எழுதியிருந்தது. கடைசி நோட்டில், முதலிலிருந்து முடிவு வரை, பாடம்போல் தமிழில் எழுதிவைத்திருந்தாள். நித்யஸ்ரீ ஒரு பக்கத்தைப் பிரித்தாள். 'நன்னீர் மெல்லிய போர்வையாக மேலே கிடக்கிறது.'

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது, "அந்த ஆப்ப ஆஃப் பண்ணிடேன் அர்ஷியா" என்றாள் நித்யஸ்ரீ.

"எப்படி மிஸ் பண்றது? ரோட்டுல ஹார்ன் அடிச்சா நான் இதுலதான் பாக்கணும்."

*

பெயர் மாற்றுவதற்கு ஒரு மாதம் ஆனது. சோமசேகரன் கைப்படக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கட்டுரை வெளியிட்ட இதழுக்கும் ஒன்று எழுதினார். இத்தனை வருடம் கழித்து எதற்கு இந்த வம்பு என்று அலுவலகத்தில் முணுமுணுத்தார்கள். நித்யஸ்ரீ நோட்டுகளைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள், அதற்குமேல் கேள்வி வரவில்லை. போனில் வந்த வரியைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. பாடங்களின் முகப்பில் இப்போது 'ஆய்வும் பாடமும்: உ. ராஜம். உரை: சோமசேகரன்' என்று இருந்தது. சப்டைட்டிலில் முன்னால் வந்த வரி ஒவ்வொன்றையும் திரும்பக் கொண்டுவந்து, அதன் தலையில் 'ராஜம்:' என்று போட்டாள். எதையும் அழிக்கவில்லை.

சோமசேகரன் ஒரு நாள் வந்து, இன்னொரு பாடம் பதிவு செய்ய வேண்டும், நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றார். ரிஃபாய் கேமராவை வைத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் பேசவில்லை. தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் போனது, ஐந்து போனது. ரிஃபாய் நிறுத்தவா என்று சைகையில் கேட்டான், நித்யஸ்ரீ வேண்டாம் என்று தலையாட்டினாள். பதினோரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு மெல்ல, "வரல" என்றார். கையில் இருந்த நோட்டைப் பிரித்து, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். அடிக்கடி தடுமாறினார்.

அதையும் இயந்திரத்தில் ஓட்டினாள். அந்தப் பதினோரு நிமிடத்துக்கும் சேர்த்து இருந்தது ஒரே சொல்தான். வரல.

*

ராஜத்தின் அண்ணன் கருப்பையன் பூவத்தில் இன்னும் விவசாயம் பார்க்கிறார் என்று தெரிந்ததும், ஒரு சனிக்கிழமை நித்யஸ்ரீயும் அர்ஷியாவும் போனார்கள். வயல் காய்ந்து கிடந்தது, ஆற்றில் தண்ணீர் இன்னும் விடவில்லை. வாசலில் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரச்சொன்னார். அறுபது வயது இருக்கும். வந்த விஷயத்தைச் சொன்னதும் முகம் இறுகியது.

"அவ பேசுனதா? வேணாங்க. அவ கொரலு எனக்கு மறந்துபோச்சு. பதினாறு வருசம் ஆச்சு. மறந்தது மறந்ததாவே இருக்கட்டும். காதுல வுழுந்துச்சுன்னா என்னால தாங்க முடியாது."

"சத்தம் இல்லீங்கய்யா" என்றாள் நித்யஸ்ரீ. "எழுத்து மட்டுந்தான்."

"எழுத்தா?"

"ஆமாங்க. எனக்கும் அப்படித்தான்" என்றாள் அர்ஷியா.

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மடிக்கணினியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நித்யஸ்ரீ ஒலியை முழுக்க நிறுத்தினாள். அவர் சோமசேகரனைப் பார்க்கவில்லை. 'ராஜம்:' என்று வரும் இடமெல்லாம் நிறுத்தச் சொன்னார், எழுத்துக் கூட்டி, விரல் வைத்துப் படித்தார். முதல் பாடம் முடிய ஒரு மணி நேரம் ஆனது. மரத்தடி நிழல் நகர்ந்து போக, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"தங்கச்சி என்னமோ இங்கிலீசுல எழுதிக்கிட்டே இருக்கும்" என்றார் நடுவில். "நமக்கு எங்க வெளங்கப் போவுதுன்னு நான் கேட்டதே இல்ல. இது எனக்கே புரியுதே."

ஒன்பதாவது பாடத்தில் மூன்றாவது கிணறு என்ற வரி வந்ததும் நெற்றியைச் சுருக்கினார். திரும்பப் படித்தார்.

"இது தப்பா இருக்குதே. உப்பு ஏறுனது எங்க வயக்கெணறு. அது மூணாவது இல்ல, நாலாவது."

நித்யஸ்ரீ பையிலிருந்து நோட்டை எடுக்கப் போனாள். "மாத்திடவாங்க? திருத்தலாம், அதுக்குத்தான் இத எல்லாருக்கும் தொறந்து வச்சிருக்கோம்."

அவர் எழுந்தார். தெருவில் இறங்கி, வடக்கே ஊர்க்கோடியைப் பார்த்து நின்றார். உதட்டுக்குள் ஏதோ எண்ணினார். பிறகு தெற்கே திரும்பித் தன் வீட்டைப் பார்த்து இன்னொரு தடவை எண்ணினார்.

"வேணாம்மா, விடுங்க" என்றார். "ராஜம் ஊர்க்கோடியிலேர்ந்து எண்ணிக்கிட்டு வந்திருக்கு. நான் வூட்டுலேர்ந்து எண்ணுறேன்."